மனத்தைத் திட்டாதீர்கள், திரும்ப அழையுங்கள்!



வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்புகிறீர்கள். சம்பளத்தில் பாதி மளிகைக் கடைக்கே போய்விட்டது. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட வேண்டும். மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் தண்ணீரைக் கொட்டிவிடுகிறான். உங்கள் கை ஓங்கிவிடுகிறது. அடித்த பிறகுதான் தெரிகிறது, கோபம் பிள்ளை மேல் இல்லை, கடன் மேல் என்று!

கவலை வந்தால் நம் உடல் ஆபத்து வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. புலி துரத்தினால் ஓடுவதற்கு இது உதவும். கடனை நினைத்து நாள் முழுவதும் இப்படியே இருந்தால், தூக்கமும் கெடும், குடும்ப அமைதியும் கெடும்.

இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. 1979-இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், ஜான் கபாட்-ஸின் என்பவர் தீராத வலியாலும் மன உளைச்சலாலும் வாடிய நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்துக்கொண்டாலும், எந்த மதத்தினரும் செய்யும்படி அதை அமைத்தார். இப்போது நடப்பதை விழிப்போடு கவனிப்பது, அவ்வளவுதான் அதன் சாரம்.

நீங்களும் செய்து பாருங்கள். வாசற்படியிலோ நாற்காலியிலோ நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். சிறிது நேரத்தில் மனம் கடைக்காரரிடம் ஓடிவிடும். "சே, எனக்கு இது வராது" என்று எழுந்துவிடாதீர்கள்! ஓடிய மனத்தைத் திட்டாமல் மூச்சுக்குத் திரும்ப அழைத்து வாருங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறையும் அழையுங்கள். அப்படி அழைப்பதுதான் பயிற்சியே. தினமும் ஐந்து நிமிடம் போதும்.

உட்கார நேரமில்லையா? காலையில் தே ஓ குடிக்கும்போது முதல் மூன்று மிடறின் சூட்டையும் மணத்தையும் சுவையையும் மட்டும் கவனியுங்கள்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்படும். அதனால் கண்ணும் கையும் பட்டையிலேயே இருக்கும். அதே கவனத்தைத்தான் இப்போது உங்கள் பக்கம் திருப்பச் சொல்கிறோம்.

ஒன்றை மறக்காதீர்கள். மூச்சைக் கவனித்தால் கடன் அடையாது. குறைந்த சம்பளம் கூடாது. அவற்றுக்கு வேறு வழிகளில்தான் போராட வேண்டும். ஆனால் ஓங்கிய கையை இறக்க ஒரு கணம் கிடைக்கும். அந்த ஒரு கணம் பிள்ளைக்குப் பெரிது.

பயிற்சியின்போது பழைய துயரம் பொங்கி வந்தால் கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் அரசாங்க கிளினிக்கிற்குப் போங்கள். நம் மலேசியாவில் சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555 என்ற மனநல உதவி எண்ணும் உண்டு. உதவி கேட்பது வெட்கமல்ல.

இன்று மாலை, வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றும்போது, மூன்று மூச்சை மட்டும் கவனித்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்களேன்!