கூடம் கோணலாயின்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. கூடம் மெய்யாகவே கோணலாயிருப்பின் ஆடுபவள் யாது செய்வாள்? கோணலுக்கேற்ப அடியை மாற்றி ஆடுவதா? கூடத்தைச் செப்பனிடும்வரை ஆடாதிருப்பதா? கணினி வல்லுநரிடையே இவ்வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது.

கணினியின் உறுப்புக்களை ஆளும் மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகையன. எவ்வுறுப்பை எப்பொழுது உறங்கவைத்து மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்று தீர்மானிப்பது இம்முறைமையே. ஆயினும் உறுப்புக்களின் இயல்பை அது தானாக அறியாது. கணினியை ஆக்கியோர் உள்ளே பதித்துவைத்த நிலைபொருள் தரும் அட்டவணைகளைப் படித்தே அறியும். ஏசிபிஐ எனப்படும் இவ்வேற்பாட்டை இன்ரெல், மைக்ரோசொப்ற், தோசிபா ஆகிய நிறுவனங்கள் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்டன.

அட்டவணையே பிழையாயின் என் செய்வது? பல கணினிகள் விண்டோஸில் மட்டுமே சோதிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவற்றின் நிலைபொருள், "நீ விண்டோஸா?" என்று வினவும். இல்லையென்று மெய் கூறும் முறைமை, எவரும் சோதித்தறியாத வழியிலே சென்று இடருறும். ஆதலின் லினக்ஸ் "ஆம்" என்றே விடையிறுக்கின்றது. "நீ லினக்ஸா?" என்று வினவினாலோ, 2007 முதல் "அல்லேன்" என்கின்றது!

2011 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.38 ஆம் பதிப்பு மற்றோர் உதாரணமாகும். சில கணினிகளின் அட்டவணை, உள்ளிணைப்புக்களின் மின்சிக்கன வசதி இல்லையென்றது. நிலைபொருளோ அவ்வசதியைத் தானே இயக்கி வைத்திருந்தது. லினக்ஸ் அட்டவணையை நம்பி அதனை அணைத்தது. மின்கலம் விரைவிலே வற்றிற்று. விண்டோஸ் அத்தகைய நிலையில் எதனையும் தொடாது விட்டுவிடுகின்றது என்பதை உய்த்துணர்ந்த மத்தியூ காரற் என்பார், லினக்ஸும் அவ்வாறே ஒழுகத் திருத்தம் செய்தார். அது 2012 இல் வெளிவந்த 3.3 ஆம் பதிப்பிற் சேர்ந்தது.

"பிழையை மறைத்தால் ஆக்கியோர் திருந்தார், ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு விதிவிலக்கு எழுதினால் மென்பொருள் சிக்கலாகும்" என்பர் ஒருசாரார். இஃது உண்மையே. ஆயினும் தண்டனையை அனுபவிப்பவர் யார்? பிழை செய்தவரல்லர், விலைகொடுத்து வாங்கியவர். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. அத்தகைய நாளிலே தெல்லிப்பழை மாணாக்கன் ஒருவனிடம், "உன் கணினியின் அட்டவணை பிழை, ஆக்கியோரைக் கேள்" என்பது அறமாகுமா?

எனினும், பொறுத்தல் வேறு, மறைத்தல் வேறு. லினக்ஸ் தான் கண்டறியும் இத்தகைய குறைகள் பலவற்றை, "நிலைபொருட் பிழை" என்னும் முத்திரையுடன் தன் பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. பயனாளியின் வேலையும் தடைப்படாது. பழியும் உரியவரைச் சாரும். அதுவே நடுநிலை. கோணற் கூடத்திலும் ஆடுக. ஆனாற் கோணல் எங்கேயென்று சுவரில் எழுதிவைத்தே ஆடுக.