முதுகில் ஒழுகும் நஞ்சு: மருந்து டாங்கியைக் கழற்றிப் பராமரிப்பது எப்படி?

காலபோக விதைப்பு முடிந்து சில வாரங்களில், வவுனியா வயல்களில் முதுகில் டாங்கியுடன் ஆட்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் அடிக்கும் மருந்தைப் பற்றி நாடு நிறையவே விவாதித்திருக்கிறது. 2015இல் கிளைபோசேற் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பர் செய்கைகளுக்காகத் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் முற்றாக நீக்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உரம், பீடைநாசினி இறக்குமதிக்குத் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. அந்த மருந்தைச் சுமக்கும் கருவியைப் பற்றி மட்டும் பேச்சு குறைவு. வயல் செய்பவன் என்ற வகையில், ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் என் டாங்கியைக் கழற்றிப் பூட்டும் முறையை இங்கே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் பரவலாக உள்ளது 16 லீற்றர் கைப்பிடி டாங்கி. கைப்பிடியை அசைத்தால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனின் முனையில் கிண்ணம் போன்ற ஒரு வாசர் இருக்கிறது. பிஸ்டன் ஒரு பக்கம் போகும்போது கீழ் வால்வு திறந்து மருந்துநீர் உள்ளே வரும். மறுபக்கம் போகும்போது கீழ் வால்வு மூடி, மேல் வால்வு வழியாக அழுத்த அறைக்குள் தள்ளப்படும். அந்த அறையில் கொஞ்சக் காற்று அடைபட்டிருக்கும். நீர் ஏற ஏறக் காற்று நெருக்கப்பட்டு, கைப்பிடியின் இரண்டு அசைவுகளுக்கு இடையிலும் மருந்தை ஒரே சீராக வெளியே தள்ளும். குழாயின் கைப்பிடி விசைக்குள் ஒரு ஸ்பிரிங், ஓர் ஊசி, ஓரிரு ஓ-றிங்குகள். நுனியில் நொசில். முழுக் கருவியின் நம்பிக்கையும் சில றப்பர் வளையங்களில்தான் தங்கியிருக்கிறது.

கோளாறு எங்கே என்பதைக் கழற்றும் முன்பே டாங்கி சொல்லிவிடும். கைப்பிடி இறுக்கமே இல்லாமல் இலேசாகப் போனால் பிஸ்டன் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது கீழ் வால்வில் குப்பை சிக்கியிருக்கும். கையை எடுத்ததும் கைப்பிடி தானாகத் திரும்பினால் மேல் வால்வு சரியாக மூடவில்லை. விசையை விட்ட பிறகும் நொசில் சொட்டினால் விசைக்குள் இருக்கும் ஓ-றிங்கை அல்லது ஸ்பிரிங்கைப் பாருங்கள். குனியும்போது முதுகு நனைந்தால் மூடியின் வாசரையும், அதிலுள்ள காற்றுத் துளையின் சிறு வால்வையும் பாருங்கள்.

கழற்றும் முன் கையுறை போடுங்கள். டாங்கியை வெறுமையாக்கி, நல்ல தண்ணீரால் மூன்று தடவை கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக, மருந்தடித்த அதே வயலிலேயே அடித்துவிடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவ வேண்டாம். பிறகு விசையை அழுத்திப் பிடித்து உள்ளே இருக்கும் அழுத்தம் முழுவதையும் வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது இணைப்பைத் திறந்தால் மருந்து நேரே முகத்துக்கு வரும்.

ஒரு சாக்கை விரித்து, கழற்றும் ஒழுங்கிலேயே பாகங்களை வரிசையாக வையுங்கள். பூட்டும்போது கடைசியாக வைத்ததிலிருந்து திரும்பி வரலாம். ஓ-றிங்கை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ தட்டையான இடமோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அழுத்தம் நிற்காது. தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம். றப்பர் பாகங்களுக்கு என்ஜின் ஒயிலோ டீசலோ பூச வேண்டாம். பல வகை றப்பர் அதில் ஊறிப் பருத்துவிடும். சிலிக்கன் கிறீஸ் கிடைத்தால் நல்லது.

நொசிலைப் பழைய பற்தூரிகையால் தேய்த்துத் தண்ணீரில் அலசுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். வாயால் ஊதுவது நஞ்சை நேரே வாய்க்குள் எடுப்பது. களைக்கு விசிறி வடிவில் பரவும் நொசில், பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் கூம்பு வடிவ நொசில் என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருங்கள்.

நொசில் தேய்ந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும். டாங்கியில் நல்ல தண்ணீர் ஊற்றி, சீராகக் கைப்பிடியை அசைத்தபடி ஒரு நிமிடம் அளவுப் பாத்திரத்துக்குள் அடியுங்கள். புதிய நொசில் தந்ததை விட 10 வீதம் கூடுதலாக வந்தால் அது மாற்ற வேண்டிய நொசில். கணக்கு இதுதான்: புதிதில் நிமிடத்துக்கு 1 லீற்றர் விட்ட நொசில் இப்போது 1.2 லீற்றர் விட்டால், அதே நடையில், 10 டாங்கி போக வேண்டிய வயலுக்கு 12 டாங்கி போகும். இரண்டு டாங்கி மருந்தின் காசு வீண். அந்த நஞ்சு மண்ணிலும் தண்ணீரிலும் மிச்சம்.

பூட்டிய பிறகு முதலில் தண்ணீரை மட்டும் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமானால் அந்த இணைப்பைத் திரும்பக் கழற்றுங்கள். இந்தச் சோதனை முடியாமல் மருந்து கலக்க வேண்டாம்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. டாங்கிக் கணக்கில் கூலிக்கு மருந்தடிப்பவர் பல வேளை வயற்காரரின் டாங்கியைத்தான் சுமக்கிறார். ஒழுகும் மருந்து அவரது முதுகு வழியே இடுப்புக்கும் தொடையிடுக்குக்கும் இறங்குகிறது. அங்குள்ள மெல்லிய தோல் முன்கைத் தோலை விடப் பல மடங்கு கூடுதலாக நஞ்சை உறிஞ்சும். நனைந்த சட்டையுடன் நாள் முழுக்க நிற்பவரிடம் "கையுறை போடவில்லையா" என்று கேட்பது மட்டும் போதாது. வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய்க்கு என்ன காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் பீடைநாசினி உடலில் படக்கூடாது என்பதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாசரும் ஓ-றிங்கும் ஒரு போத்தல் மருந்தோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு. அந்தச் செலவு டாங்கியின் சொந்தக்காரருடையது. கூலிக்கு அடிப்பவர், டாங்கியைத் தோளில் போடும் முன் தண்ணீர் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். அப்படிக் கேட்பவரை வயற்காரர் கோபிக்கக் கூடாது. கமநல சேவை நிலையங்களில் நடக்கும் போகக் கூட்டங்களில் விதைப்புத் திகதியோடும் தண்ணீர் திறக்கும் திகதியோடும், டாங்கி கழற்றிப் பார்க்க ஒரு நாளையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.