கேபினைத் தின்னும் துரு

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை நோக்கி வரும் பழைய லோடு வண்டியின் கதவைத் திறந்து, கால்மாட்டில் கிடக்கும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் அடியில் ஒரு பலகை இருக்கும். பலகையையும் எடுத்தால் தார்ச்சாலை தெரியும். உவரி, இடிந்தகரைப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியோடு மீன் கொண்டுவரும் வண்டிகளின் நிலை இதைவிட மோசம். என்ஜின் நன்றாக ஓடும், கியர்பாக்ஸில் குறை இருக்காது. கேபின் மட்டும் கீழிருந்து மேலாக உளுத்துக்கொண்டே வரும்.

இந்தக் கேபினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வெல்டிங் பழகிய ஒருவர், ஒரு கிரைண்டரும் கொஞ்சம் தகரமும் வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே அதை மீட்டுவிடலாம். ஆனால் துரு எங்கே பிறக்கிறது, எதைத் தின்று வளர்கிறது என்று தெரியாமல் கைவைத்தால், செய்த வேலை ஐப்பசி மழையைத் தாண்டாது.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். கேபினுக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உலோக அரிமான ஆய்வின் முன்னோடியான கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் யூலிக் எவன்ஸ், மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு ஆராய்ந்தார். இரும்பு கரையும் இடத்தில் நீல நிறமும், ஆக்ஸிஜன் வினைபுரியும் இடத்தில் இளஞ்சிவப்பு நிறமும் காட்டும் வேதிப்பொருட்கள் அதில் கலந்திருந்தன. காற்று எளிதாகச் சேரும் விளிம்பு சிவந்தது. காற்று எட்டாத நடுப்பகுதி நீலமானது. ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும் இடத்தில்தான் இரும்பு கரைகிறது. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே ஒரு சின்ன மின்கலம் உருவாகி, நடுவிலுள்ள இரும்பு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துக் கரைந்துபோகிறது.

கேபினில் ஓட்டை விழும் இடங்களை இந்த ஒரு சொட்டே காட்டிக்கொடுத்துவிடும். மேட்டுக்கு அடியில், தகரத்தின்மேல் தகரம் படிந்த மடிப்பில், ஃபுட்போர்டுக்கு மேலுள்ள மூடிய பெட்டிக்குள், முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே. எல்லாமே ஈரம் நுழையக்கூடிய, காற்று சரியாக நுழையாத இடங்கள்.

உப்பு சேர்ந்தால் அந்த மின்கலத்துக்கு வேகம் கூடிவிடும். உப்புநீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். அதைவிடப் பெரிய தீமை, உப்பு ஈரத்தைத் தேடிப் பிடித்துவைத்துக்கொள்வது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்தில் அள்ளும் சுத்திகரிக்காத உப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் இருக்கும். அதற்கு 33 சதவீதம் போதும். மடிப்புக்குள் அந்த உப்பு புகுந்துவிட்டால், சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தினாலும் உள்ளே முழுதாகக் காய்வது அரிது. வெளியே தொட்டால் கை சுடும் தகரம் உள்பக்கம் நசநசவென்று ஈரமாக இருக்கும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை. ஸ்பாட் வெல்டு போட்ட இரண்டு தகரங்களுக்கு நடுவே அது வளரும்போது இரண்டையும் பிளந்து தள்ளும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர் இறங்கும். பெயிண்ட் குமிழ் குமிழாக உப்பி நிற்பதைப் பார்த்து, துரு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று நினைப்பவர்கள் அநேகம். உள்ளிருந்து அரித்து வந்த துரு வெளித்தோலை எட்டியதற்கு அடையாளம் அந்தக் குமிழ்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரை கண்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளை ஆறு மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி உங்களிடம் இருந்தால், ஃபுட்போர்டுப் பெட்டிக்குள்ளும் கதவின் அடிப்பகுதிக்குள்ளும் அந்த வண்டல் இன்னும் கிடக்கலாம். என்ஜினைப் பிரித்துக் கழுவி ஆயில் மாற்றியவர்கள்கூட அங்கே கையை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டல் ஒவ்வொரு மழைக்கும் நனையும், மெதுவாகத்தான் காயும். வடிகால் துளைகளையும் அதுவே அடைத்துக்கொள்ளும்.

சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் கேபினுக்கு வைத்தியம் நடக்கிறது. உளுத்த இடத்தைத் தட்டி உள்ளே தள்ளி, ஓட்டையில் எதையாவது அடைத்து, மேலே பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்வைக்கு வண்டி புதுசாகிவிடும். இந்த வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. துருவின்மேல் அதைப் போட்டால், எவன்ஸ் தன் தகட்டில் உண்டாக்கிய அதே காற்றுப்படாத ஈர இடத்தை நாமே காசு கொடுத்து உண்டாக்குகிறோம். கதவுக் கீல் மாட்டியிருக்கும் தூணும், சீட் பெல்ட் பிடித்திருக்கும் தரையும் பட்டியால் நிற்க முடியாது. தரை ஓட்டை வழியே சைலன்சர் புகையும் உள்ளே வரும். வீட்டுக்குச் சோறு போடும் வண்டியில், ஓட்டுகிறவரின் உயிர் அந்தத் தகரத்தை நம்பித்தான் இருக்கிறது.

இதே தாமிரபரணிக் கரையில்தான் தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பும் கிடைத்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அகழ்ந்தெடுத்தவற்றில் இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் ஏராளம். சிவகளையில் கிடைத்த கரித்துண்டுகளை வைத்து, அங்கே இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னால் போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. இப்படி மண்ணிலிருந்து வரும் இரும்பை அருங்காட்சியக வல்லுநர்கள் காக்கும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. துருவுக்குள் ஒளிந்திருக்கும் குளோரைடு உப்பு வெளியேறாதவரை இரும்பு தொடர்ந்து சிதையும் என்பதால், அதைக் காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியே இழுப்பார்கள். துருவை முழுவதும் நீக்கமாட்டார்கள். பழைய வாளின் உருவமே அந்தத் துருவில்தான் தங்கியிருக்கிறது. கேபினின் கணக்கு வேறு. அங்கே நமக்கு வேண்டியது உருவமல்ல, வலு. துருவுக்கு வலு கிடையாது. அதனால் வெட்டி எறியத்தான் வேண்டும். ஆனால் உப்பைக் கழுவும் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வேலை தொடங்கும் முன்பே மூடிய பெட்டிகளுக்குள் குழாயை விட்டு, வடியும் தண்ணீர் தெளியும்வரை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ஆற்றுத் தண்ணீரே இதற்கு நல்லது.

காய்ந்த பிறகு சீட், மேட், ஒலித்தடுப்புப் பஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, முனை கூரான சுத்தியலால் தகரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மொத்தையாக ஒலிக்கும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைச் சுற்றி, தகரம் முழுத் தடிமனோடு பளபளக்கும் இடம்வரை வெட்ட வேண்டும். உள்ளங்கை அளவு ஓட்டை வெட்டி முடிக்கும்போது முறத்தளவு ஆகும். மனம் தளர்ந்துவிடக் கூடாது. இந்த இடத்தில் காட்டும் கஞ்சத்தனம் அடுத்த ஆண்டே தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது, அனுபவமில்லாதவர்கள் அதை விட்டுவிடுவார்கள். தரையும் ஃபுட்போர்டுப் பெட்டியும்தான் கேபினின் வடிவத்தைப் பிடித்து நிற்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் அறுத்தால் கதவு வாசல் இறங்கிவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பையோ சதுரக் குழாயையோ தற்காலிகமாக வெல்டு வைத்து, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் போதும், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். தரைக்கு 18 கேஜ் போடலாம். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகு தகரத்தில் வெட்டுங்கள். ஒட்டைப் பழைய தகரத்தின் மேலே ஏற்றி வைப்பது சுலபம். ஆனால் ஏற்றிய இடம் இன்னொரு மடிப்பு, இன்னொரு காற்றுப்படாத ஈரக்கூடு. முனையோடு முனை சேர்த்துப் பற்றவைப்பதே நல்லது. கேட், கிரில் வேலைக்குப் பழகிய ஆர்க் வெல்டிங் இவ்வளவு மெல்லிய தகரத்தில் ஓட்டை போட்டுவிடும். மெல்லிய கம்பி ஓடும் சி.ஓ.டூ. வெல்டிங் செட் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் இதற்கு ஏற்றது. ஒரே மூச்சில் கோடு இழுக்கக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று தாவித் தாவி வைத்து, இடையில் ஆறவிட வேண்டும். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகரம் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளமாக நெளிந்துவிடும்.

வெல்டிங் பொறி சிறு துளை வழியாகவும் பாயும். பேட்டரியைக் கழற்றி வைத்து, அருகே டீசல் டேங்கோ டீசல் குழாயோ இருந்தால் அதையும் இறக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரையும் மணலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஓர் ஆளோடு வேலையைத் தொடங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரத்தைப் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் கிரைண்டரால் தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. சேசிஸில் துரு ஆழமாக இறங்கியிருந்தால் அது முற்றத்தில் செய்யும் வேலையே அல்ல, தேர்ந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வெட்ட வேண்டாத அளவுக்கு நல்ல தகரத்திலும் புள்ளி புள்ளியாக நுண்குழிகளில் துரு நிற்கும். வயர் பிரஷ் அதற்குள் எட்டாது. கடைகளில் விற்கும் துருமாற்றிகள் அதற்காகத்தான். அவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருந்தால் துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறும்; டானிக் அமிலம் இருந்தால் கருநீல இரும்பு டானேட்டாக மாறும். இந்த இரண்டாவது வினை நம் முன்னோர் கையாண்டதுதான். கடுக்காயில் டானின் மிகுதி. கடுக்காய் நீரில் இரும்பு உப்பான அன்னபேதியைச் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். கலம்காரித் துணியை முதலில் கடுக்காயில் தோய்த்து, வெல்லத் தண்ணீரில் பழைய இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசலால் கறுப்புக் கோடு வரைந்தார்கள். துணியில் விழுந்த அந்தக் கறுப்பும், துருமாற்றி பூசிய தகரத்தில் பரவும் கறுப்பும் வேதியியலில் ஒரே குடும்பம். அதற்காகக் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. கடை மருந்தில் தோலாக உறையும் பாலிமரும் கலந்திருக்கும். எதுவானாலும் மெல்லிய துருவுக்குத்தான். அடுக்கடுக்காக உரியும் துருவில் மேல்தோல் மட்டுமே கறுக்கும், அடியில் தின்பது நிற்காது.

சுத்தம் செய்த தகரத்தை மறுநாளுக்கு விட்டுவைக்காதீர்கள். ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மை படரும். அன்றைக்கே இரு கலவை எபாக்ஸி பிரைமரைப் பிரஷ்ஷால் பூசிவிடலாம். வழக்கமான ரெட் ஆக்சைடைவிட அது ஈரத்தை நன்றாகத் தடுக்கும். மேடுபள்ளம் சமப்படுத்தக் கொஞ்சம் பட்டி வேண்டுமென்றால், இந்தப் பிரைமரின்மேல் மெல்லியதாக இழுத்தால் கெடுதலில்லை. நெல்லைப் பக்கம் இந்த வேலைக்கு மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஆடிக் காற்றில் பெயிண்ட் அடித்தால் தேரிமணலும் சேர்ந்து ஒட்டும்.

இனி, தண்ணீர் வந்த வழி. முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றாமல் தரையை மட்டும் மாற்றியவர், சீக்கிரமே அதே தரையை மறுபடி மாற்றுவார். மடிப்புகள் எல்லாவற்றிலும் சீம் சீலர் இழுக்க வேண்டும். மூடிய பெட்டிகளுக்குள், நீண்ட குழாய் பொருத்திய ஸ்பிரேயால் உட்குழிவு மெழுகை அடிக்க வேண்டும். அது மடிப்புகளில் ஊர்ந்து போய்ப் பிரஷ் எட்டாத இடத்தையும் மூடும். கீழ்த்துளைகள் வழியே மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போதுமான அளவு சேர்ந்துவிட்டது. சொட்டு நின்று உறைந்த பிறகு, ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு வடிகால் துளையையும் திரும்பக் குத்திவிடுங்கள். இல்லையென்றால் அந்த மெழுகே துளையை அடைத்து, உள்ளே வரும் தண்ணீரை வெளியேற விடாது.