விரிதாளும் கிணற்று நீரும்

பாலாற்றங்கரையில் வாழும் நமக்குத் தோல் தொழில் சோறும் தந்தது; கிணற்று நீரைப் பற்றிய கவலையும் தந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை ஏற்று உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. நீர் கெட்டதா இல்லையா என்பதை எண்களைக் கொண்டே நிறுவ வேண்டும். அந்த எண்களை இன்று பெரும்பாலும் விரிதாளில்தான் கணக்கிடுகிறோம். புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. கணினியில் விரிதாள் பரவ அதுவே வழிவகுத்தது. சராசரி, திட்டவிலக்கம் போன்ற சார்புகள் இன்றைய விரிதாளில் ஆயத்தமாகவே உள்ளன. அவை போதாத இடத்தில் நாமே ஒரு சார்பை எழுதிச் சேர்க்கலாம். எக்செலில் 1993 முதல் விஷுவல் பேசிக் மொழி இதற்கு உதவுகிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸிலும் இவ்வசதி உண்டு.

அவை எங்கே போதாமற் போகின்றன? குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர வரம்பு. எடுத்துக்காட்டாக, ஒரு கிணற்றின் ஐந்து மாதிரிகளின் முடிவுகள் <0.02, <0.02, 0.04, 0.08, <0.02 என்று கொள்வோம். '<0.02' என்றால் கருவி கண்டறியும் அளவுக்கும் கீழே என்று பொருள். விரிதாளோ அதை எண்ணாகக் கொள்ளாது, எழுத்தென்று ஒதுக்கிவிடும். எஞ்சிய இரண்டின் சராசரி 0.06; கிணறு வரம்பு மீறியதாகிறது! அம்மூன்றையும் சுழியாகக் கொண்டால் சராசரி 0.024, 0.02 ஆகவே கொண்டால் 0.036. உண்மைச் சராசரி இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்க முடியும்.

இதற்கான சார்பு பத்துப் பதினைந்து வரிகளில் அடங்கும். கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார். '<' என்று தொடங்கினால் அக்குறியை நீக்கி, எஞ்சிய எண்ணை நாம் தரும் பெருக்கெண்ணால் பெருக்கு. இல்லையேல் எண்ணை அப்படியே எடு. கூட்டி எண்ணிக்கையால் வகு. பெருக்கெண் 0 எனில் கீழ்ச் சராசரி. 1 எனில் மேற் சராசரி. கட்டத்தில் சார்பின் பெயரை இட்டால் விடை வரும். எண் மாறினால் விடையும் தானே மாறும். எக்செலில் இக்கோப்பை மேக்ரோ ஏற்கும் வகையில் சேமிக்க மறவாதீர்கள். சாதாரணக் கோப்பாகச் சேமித்தால் நிரல் நீங்கிவிடும்.

இரு விடைகளும் ஏன் வேண்டும்? ஐந்து மாதிரிகளுக்கும் '<0.1' என்றே முடிவு வந்தால், கீழ்ச் சராசரி 0, மேற் சராசரி 0.1. வரம்போ நடுவில் நிற்கிறது. அந்நீரை நல்லதென்றும் சொல்ல இயலாது, கெட்டதென்றும் சொல்ல இயலாது. நுண்ணிய கருவியில் மீண்டும் சோதிக்க வேண்டும். சுழி இட்டு நிரப்பியவருக்கோ அது தூய நீர்!

சராசரியும் முழு உண்மையன்று. 0.08 வந்த அன்று நீர் பருகியவர் 0.08-ஐத்தான் பருகினார். ஆகவே மீஉயர் மதிப்பையும் உடன் தருதல் வேண்டும்.

ஆயத்தச் சார்பு நம்மைக் கேளாமலே ஒரு முடிவை எடுக்கிறது. நாம் எழுதும் சார்பிலும் முடிவு உண்டு. ஆனால் அது வரிவரியாகக் கண்முன் நிற்கும், எவரும் படித்துக் கேள்வி கேட்கலாம். நண்பர்களே, நிரல் எழுதியதும் ஐந்து எண்களைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் குடிநீர் இருக்கிறது.