விசா 2 வருஷம், தங்குறது 30 நாள்: இது எப்படி?

கீரப்பாளையம் பக்கம் 'ஃபாரின்'னு சொன்னா பாதிப் பேருக்கு அது சிங்கப்பூர்தான். "அவனுக்கு ரெண்டு வருஷ விசா கிடைச்சிருக்குடா"ன்னு யாராவது சொன்னதும், ரெண்டு வருஷம் அங்கேயே இருக்கலாம்னு நினைச்சுக்கிறோம். டூரிஸ்ட் விசான்னா அப்படி இல்லை.

ஒரு விசாவுல மூணு எண்கள் இருக்கு. எந்தத் தேதி வரைக்கும் உள்ளே நுழையலாம் என்பது ஒண்ணு. நுழைஞ்சா எத்தனை நாள் தங்கலாம் என்பது ரெண்டாவது. எத்தனை தடவை நுழையலாம் என்பது மூணாவது. சிங்கப்பூர் 2 வருஷம் வரைக்கும் மல்டிபிள் ஜர்னி விசா கொடுக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 30 நாள் வரைக்கும்தான் தங்க முடியும். அந்த நாளை முடிவு பண்றதும் ஏர்போர்ட்ல இருக்கிற அதிகாரிதான். விசா கையில இருக்கு, அதனால உள்ளே விட்டே ஆகணும்னு எந்த நாட்டுலயும் சட்டம் கிடையாது. அங்க 90 நாளுக்கு மேல கூடுதலா தங்கி மாட்டினா, சிறையோட பிரம்படியும் சட்டத்துல இருக்கு. விளையாட்டு இல்லை.

வியட்நாம் கணக்கு வேற. 2023 ஆகஸ்ட் 15-லேர்ந்து இ-விசா 90 நாளுக்குக் கிடைக்குது. சிங்கிள் என்ட்ரி 25 டாலர், மல்டிபிள் 50 டாலர். பலரும் 25-ஐ எடுத்துட்டு, நடுவுல கம்போடியா போய் அங்கோர் வாட் பாத்துட்டு வரலாம்னு பிளான் போடுறாங்க. வியட்நாமை விட்டு வெளிய வந்த உடனே சிங்கிள் விசா செத்துடும். இன்னும் 60 நாள் பாக்கி இருந்தாலும் சரி. மல்டிபிள் எடுத்தாலும் 90 நாள் கடிகாரம் நிக்காது, கம்போடியாவுல இருக்கிற நாளும் அதுலதான் ஓடும்.

மலேசியா 2023 டிசம்பர் 1-லேர்ந்து நமக்கு விசா இல்லாம 30 நாள் கொடுத்துச்சு. தாய்லாந்து 2023 நவம்பர்ல ஆரம்பிச்சு, 2024 ஜூலையில அதை 60 நாளா ஆக்கிச்சு. இந்த எண்கள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்துல பாருங்க, ரீல்ஸ்ல பாக்காதீங்க. அடிக்கடி போறவங்க பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணும்போதே 60 பக்க புக்லெட் கேக்கலாம், 36 பக்கத்தை விட 500 ரூபாதான் அதிகம்.

இது வரைக்கும் சொன்னது எண்கள். எண்ணா இல்லாத இன்னொண்ணு இருக்கு: எதுக்காகப் போறோம். டூரிஸ்ட்டா போனா வேலை செய்யக் கூடாது. "முதல்ல டூரிஸ்ட்ல வா, அங்க வந்து மாத்திக்கலாம்"னு ஏஜென்ட் சொல்றது இங்கதான் நம்மள அடிக்குது.

2022-ல நடந்ததைப் பாருங்க. தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு சொல்லி நம்ம வயசுப் பசங்களைக் கூப்பிட்டாங்க. விமானத்துல இறங்கினது தாய்லாந்துல. அங்கேர்ந்து மே சோட் எல்லைக்குக் கொண்டு போய், ஆத்தைத் தாண்டி மியான்மரோட மியாவடிக்குக் கடத்திட்டாங்க. அங்க நடந்தது ஆன்லைன் மோசடி. மறுத்தவங்களுக்கு அடி. அந்த செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டுச்சு, அக்டோபர்ல 13 தமிழர்கள் சென்னை திரும்பினாங்க. அதோட முடியலை. 2025 மார்ச்ல மே சோட்லேர்ந்து ரெண்டு நாள்ல 549 இந்தியர்களை விமானப்படை விமானத்துல கூட்டி வர வேண்டியிருந்துச்சு.

படிச்சவன் ஏன் மாட்டுறான்? பத்தாவது பாஸ் ஆகாதவங்க பாஸ்போர்ட்ல பொதுவா இ.சி.ஆர். இருக்கும். அவங்க தாய்லாந்து, மலேசியா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா அரசோட அனுமதி வேணும், ஒப்பந்தத்தைப் பாப்பாங்க. நமக்கு அந்தச் சோதனை கிடையாது. டிகிரி இருக்கிறதாலயே நம்ம ஒப்பந்தத்தை யாரும் பாக்கிறதில்லை, நாமதான் பாக்கணும்.

ஏஜென்ட் பேரு வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல இருக்கான்னு தேடுங்க. பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமா வாங்கலாம். சிங்கப்பூர் வேலைன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே கம்பெனி பேரோட ஐ.பி.ஏ. கடிதம் வரணும். அது வரலைன்னா ஃபிளைட் ஏறாதீங்க.