மாறுகொளக் கூறல்

திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எத்தனை? ஒரு நூல் 101 என்கிறது. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையை எடுத்துக் கூட்டினால் 99 வருகிறது: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. ஊர்ப் பெயரிலும் இந்த இரட்டை உண்டு. சிலர் சீனன்குடா என்று எழுதுகிறார்கள், சிலர் சீனக்குடா என்கிறார்கள்.

இன்னும் இரண்டாயிரம் ஆண்டு கழித்து, குதங்களைக் காடு முற்றாக விழுங்கிய பிறகு, இந்த இரண்டு கணக்கும் ஒருவன் கையில் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் ஒன்று பொய் என்று அவன் தூக்கி எறியலாம். இல்லையென்றால், நடுவில் இரண்டு குதங்கள் அழிந்திருக்கும் என்று ஊகித்து இரண்டையும் மெய்யாக்கலாம். ஊகம் சரியாகவே அமையும். பிரித்தானியர் கட்டியவை 101. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாளில், ஒரு விமானம் வந்து மோதி ஒரு குதம் எரிந்தது. மற்றொன்று பிற்காலத்தில் ஒரு விமான விபத்தில் போனது என்பார்கள். ஆனால் அந்த ஜப்பானிய விமானி வேண்டுமென்றே வந்து விழுந்தாரா, அடிபட்ட விமானம் தானாக விழுந்ததா? சொல்லக்கூடியவர் அந்த நெருப்பிலேயே போய்விட்டார். எந்தத் தாளைப் புரட்டினாலும் அந்த முடிச்சு அவிழப்போவதில்லை.

ஆக, ஒரே ஊரில் மூன்று விதமான முரண்கள் கிடக்கின்றன. காலம் மாறியதால் வந்த முரண் ஒன்று, எழுத்து மாறியதால் வந்தது ஒன்று, கண்டவர் மனத்துக்குள் எட்ட முடியாததால் வந்தது ஒன்று. இவற்றைப் பிரித்தறியாமல் நடந்த ஒரு பெரிய வழக்கு, இலங்கைத் தீவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மக்களைத் திரள வைத்தது. விவிலியம் தன்னோடு தானே முரண்படுகிறதா என்பதும் அந்த வழக்கில் ஒரு கேள்வி.

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்தக் குற்றம் புதிதல்ல. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் அடுக்கும்போது 'மாறுகொளக் கூறல்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், அந்நூலை வரிவரியாக அறிந்தவர். 1854இல் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' அந்த அறிவைத் திருப்பிப் பிடித்தது. எங்கள் கோயில் தீபத்தையும் தூபத்தையும் அபிஷேகத்தையும் அஞ்ஞானம் என்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டின் ஆலயத்திலும் இவையெல்லாம் கட்டளையாக உள்ளனவே என்று கேட்டது.

மக்களைத் திரள வைத்த அந்தப் பெரிய வழக்கு, தெற்கே பாணந்துறையில் 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாட்கள் நடந்த வாதம். ஒரு பக்கம் பௌத்த பிக்கு மிகெட்டுவத்த குணானந்த தேரர். மறுபக்கம் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா பாதிரியாரும் உபதேசியார் சிறிமான்னவும். தேரர் விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி தொடுத்தார். தேவன் எரிச்சலுள்ளவர் என்று வரும் இடத்தில் சிங்கள மொழிபெயர்ப்பு 'ஒளிர்கிற' என்ற பொருளுடைய சொல்லை இட்டு மூடியது ஏன்? எல்லாம் அறிந்தவர், மனிதனைப் படைத்ததற்காக வருந்தியது எப்படி? எகிப்தில் எந்த வீடு யாருடையது என்று தெரிய, நிலைக்கால்களில் இரத்த அடையாளம் எதற்கு? இந்த வாதத்தின் ஆங்கில வடிவம் கடல் கடந்து போய் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் கண்ணில் பட்டது. 1880இல் அவர் இலங்கைக்கு வந்து இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேடையில் முரண் ஓர் ஆயுதம். எதிராளியின் நூலில் ஓட்டை காட்டினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும், ஓட்டையை அடைத்துக் காட்டினாலும் ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்த ஓட்டை அங்கே எப்படி வந்தது என்று எந்தக் கூட்டமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டவர்கள் வேறிடத்தில், சத்தமில்லாமல், ஏட்டுப் பிரதிகளை அருகருகே விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வழியே போனால் விஷயம் சுவையாகிறது.

உப்புப் பள்ளத்தாக்கில் தாவீதின் படை பதினெண்ணாயிரம் பேரை வீழ்த்தியது. யாரை? 2 சாமுவேல் 8:13இன் எபிரேய மூலம் ஆராமியரை, அதாவது சீரியரை என்கிறது. 1 நாளாகமம் 18:12 ஏதோமியரை என்கிறது. இடம் ஒன்று, எண் ஒன்று, பகைவர் மட்டும் வேறு. மேடையில் இதை வைத்து அரைமணி நேரம் பேசலாம். எபிரேயத்தில் எழுதிப் பார்த்தால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பழைய எபிரேயத்தில் உயிரொலிகளை எழுதுவதில்லை. ஆராமுக்கும் ஏதோமுக்கும் மூன்றே எழுத்து, அவற்றில் இரண்டு ஒன்றே. நடு எழுத்து ஆராமில் 'ரேஷ்', ஏதோமில் 'தாலேத்'. இரண்டுக்கும் வேறுபாடு, மூலையில் துருத்தும் ஒரு சின்ன முனை. விளக்கு மங்கிய ஓர் இரவில் ஒரு பிரதிக்காரர் கண் அந்த முனையைத் தவறவிட்டது. ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுப் படையாகிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இது சொல்லாமலே புரியும். ஓலையில் மெய்க்குப் புள்ளி இடமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே கிடக்கும். எகர ஏகாரக் குறில் நெடில்களுக்கு இன்று நாம் காட்டும் வேற்றுமை வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. அதனால்தான் பழம் பதிப்புகளின் அடியில் 'பாடபேதம்' என்ற பகுதி நீண்டுகொண்டே போகும். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பட்ட பாடும் இந்தப் பாடுதான்.

அகசியா அரசனின் வயது இன்னும் வேடிக்கை. அரியணை ஏறியபோது அவனுக்கு 22 என்கிறது 2 இராஜாக்கள் 8:26. 2 நாளாகமம் 22:2 நாற்பத்திரண்டு என்கிறது. அவன் தகப்பன் யோராம் 32 வயதில் பட்டம் ஏறி, எட்டாண்டு ஆண்டு, நாற்பதில் இறந்தவன். 42ஐ ஏற்றால் மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன். இங்கே எந்தச் சமாதானமும் தேவையில்லை. எங்கோ ஒரு கை வழுக்கியிருக்கிறது. பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் அந்த இடத்திலும் 22 என்றே இருக்கிறது.

கோலியாத்தின் உயரத்தை நம் வேதாகமம் ஆறு முழம் ஒரு சாண் என்கிறது. ஏறத்தாழ ஒன்பதே முக்கால் அடி. 1947 தொடங்கிச் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த சுருள்களில் சாமுவேல் நூலும் ஒன்று. கைவசம் இருந்த முழு எபிரேயப் பிரதிகளைவிட அது ஆயிரம் ஆண்டு பழையது. அதில் கோலியாத் நாலு முழம் ஒரு சாண்தான், ஆறே முக்கால் அடி. கிரேக்க மொழிபெயர்ப்பும் அதையே சொல்கிறது. கதை சொல்லச் சொல்ல அரக்கன் வளர்ந்திருக்கிறான் போலும்.

இத்தகைய வேறுபாடுகளை முதன்முதலில் பெரிய அளவில் எண்ணியவர்களில் ஒருவர் ஒக்ஸ்போர்டின் ஜோன் மில். 1707இல் அவர் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 30,000 பாடபேதங்கள். அதே ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1714, 1715இல் அது அச்சேறியது. ஜெர்மனியில் பெங்கல் என்ற இளம் இறையியல் மாணவர் அந்த முப்பதாயிரத்தைக் கேட்டு நிலைகுலைந்தார். நம்பிக்கையை விடவில்லை, ஆராய்ச்சியையும் விடவில்லை. வாழ்நாள் உழைப்பில் ஒரு விதியைக் கண்டெடுத்தார்: இரண்டு பாடங்களில் கடினமானதே பெரும்பாலும் மூலம்.

முதலில் தலைகீழாகத் தோன்றும் விதி இது. ஆனால் பிரதி எடுப்பவரின் இயல்பை நினைத்துப் பாருங்கள். கரடுமுரடான சொல்லைக் கண்டால் அவர் இழைத்து மெருகேற்றுவார். மெருகான சொல்லைக் கரடாக்க எவருக்கும் கை வராது. கோலியாத்தைக் கொன்றவன் தாவீது என்பது எல்லோரும் அறிந்த கதை. 2 சாமுவேல் 21:19இன் எபிரேயம் எல்க்கானான் என்பவன் கொன்றதாகச் சொல்கிறது. 1 நாளாகமம் 20:5 அவன் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்கிறது. ஆங்கில ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு சாமுவேலிலும் 'சகோதரன்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டது. பாணந்துறையில் தேரர் சுட்டிய ஒளிர்கிற சொல்லும் இதே குடும்பம்தான். மெருகு இருக்கும் இடத்தில் அடியில் ஒரு வெடிப்பு இருந்திருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. சரியாக எழுதிய இரண்டு ஏடுகள் உறவு என்று சொல்ல முடியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை செய்த இரண்டு ஏடுகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிழைகளைப் பின்தொடர்ந்தால் ஏடுகளின் வம்சாவளி வரையலாம். உயிரியலார் மரபணுப் பிறழ்வுகளை வைத்து உயிரினங்களின் கிளைமரம் வரைவதும் இதே தர்க்கம். 1998இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆங்கிலக் கவி சோசரின் 'கேன்டர்பரிக் கதைகள்' நூலின் ஒரு பகுதிக்கு 58 கையெழுத்துப் பிரதிகளை எடுத்து, உயிரினக் கிளைமரம் வரையும் கணினி நிரலில் இட்டுப் பார்த்தார்கள். ஏடுகளும் கிளை கிளையாகப் பிரிந்து நின்றன. பிழை இல்லாத நூலுக்கு இந்த மரம் கிடையாது. தன் பிறப்பைச் சொல்ல அதனிடம் தழும்பே இருக்காது.

இதுவரை பார்த்தவை கையின் வழுக்கல்கள். எல்லா முரணும் அப்படிக் கரைந்துவிடாது. தாவீதை மக்கள் தொகை எடுக்கத் தூண்டியது கர்த்தர் என்கிறது 2 சாமுவேல் 24. அதே நிகழ்ச்சியைச் சொல்லும் 1 நாளாகமம் 21, தூண்டியவன் சாத்தான் என்கிறது. எந்த எழுத்து எந்த எழுத்தாகத் திரிந்தாலும் இது வராது. நாளாகமக்காரர் பல நூற்றாண்டு பின்னே வாழ்ந்தவர். தீமைக்குக் கடவுள் காரணமாவதை அவர் காலத்து மனம் ஏற்கத் தயங்கியது. ஒரு சமூகத்தின் சிந்தனை நகர்ந்த தூரத்தை இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே அளக்கலாம். சீனன்குடாவின் 101ம் 99ம் போல, இவை இரண்டு காலத்துக் கணக்குகள்.

1 சாமுவேல் 15 இன்னும் துணிச்சலானது. சவுலை அரசனாக்கியதற்காகத் தேவன் மனஸ்தாபப்படுகிறார் என்று 11ஆம் வசனம். மனஸ்தாபப்பட அவர் மனிதரல்லர் என்று 29. மனஸ்தாபப்பட்டார் என்று மறுபடி 35. எபிரேயத்தில் மூன்றும் ஒரே வினைச்சொல். இருபத்தைந்து வசனங்களுக்குள் இதைக் கவனிக்காத தொகுப்பாசிரியர் இருக்க முடியுமா? கவனித்தும் விட்டிருக்கிறார் என்றால், இரண்டும் சொல்லப்பட வேண்டியவை என்று அவர் எண்ணியிருக்கலாம்.

யூதாஸின் முடிவோ மூன்றாம் வகை. மத்தேயுவில் அவன் வெள்ளிக்காசுகளை ஆலயத்தில் எறிந்துவிட்டு நான்றுகொள்கிறான், ஆசாரியர்கள் அந்தக் காசில் நிலம் வாங்குகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் நிலத்தை அவனே வாங்குகிறான், தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று இணைப்பவர்கள் உண்டு. குதம் இரண்டு அழிந்திருக்கும் என்று ஊகித்தவனைப் போலத்தான் இவர்களும். ஒரு வேறுபாடு: அங்கே எரிந்த குதத்தின் சான்று இருக்கிறது, இங்கே கயிற்றின் சான்று இல்லை. நடந்திருக்கக் கூடும் என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல. இணைத்துக் காட்ட முடிவதாலேயே அது வரலாறு ஆகிவிடாது, இணையாததாலேயே எழுதியவர் பொய்யராகிவிடவும் மாட்டார்.

இந்த முரண்களையெல்லாம் பிற்காலத்து எதிரிகள் தேடிக் கண்டுபிடித்ததாக நினைத்தால் அது பிழை. கி.பி. 170 அளவில் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் வெட்டி ஒட்டி ஒரே தொடர்கதையாக்கினார். 'தியாதெஸ்ஸரோன்' என்று அதற்குப் பெயர். சிரியாக் சபைகள் அதை இருநூறு ஆண்டுக்கு மேலாக வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரெத் என்ற ஆயர் அதன் பிரதிகள் இருநூறுக்கு மேல் திரட்டி அகற்றிவிட்டு, நான்கையும் தனித்தனியே திரும்ப வைத்தார். முரணற்ற ஒரே நூல் கையில் இருந்தது, சபை அதை வேண்டாம் என்றது. சாமுவேலோடும் இராஜாக்களோடும் நாளாகமத்தையும் வேதத்தில் வைத்துக்கொண்ட யூத மரபும் அதைத்தான் செய்தது. நான்கு சாட்சிகளை ஒரு சாட்சியாக்கினால் கணக்கு நேராகும், மூன்று குரல்கள் போய்விடும்.

விவிலியம் மாறுகொளக் கூறுகிறதா என்று இன்று ஒருவர் கேட்டால், ஆம் என்பதே நேரான பதில். பல நூற்றாண்டுகளாகப் பல கைகள் எழுதி, பல கைகள் படியெடுத்த எந்தத் தொகுப்பும் கூறும். நம் புராணங்களும் கூறும். ஒவ்வொரு எழுத்தும் வானிலிருந்து வந்தது என்பவருக்கு அந்தப் பதில் இடிக்கும். ஒரு முரண் கிடைத்தால் நூல் முழுவதும் விழுந்தது என்பவரும் அதே கருத்தைத்தான் மறுபக்கமிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். நம்புவதா விடுவதா என்பதை அகசியாவின் வயது தீர்மானிக்காது. அந்த ஏடு எத்தனை கை மாறி வந்தது என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்.

திருகோணமலைக் கோட்டை வாசலில், பாண்டியர் கயல்களோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. எழுத்துகள் சிதைந்தவை. குளக்கோட்டன் திருப்பணியையும் பரங்கியரையும் சொல்லும் முழுப்பாட்டு ஊரார் வாயில் இருக்கிறது. கல்லில் இருப்பதைவிட வாயில் இருப்பது அதிகம். எது முந்தியது, எது நிரப்பியது என்று அந்த வாசலில் நின்றும் கேட்கலாம். கேட்பவருக்கு எபிரேயம் தெரிய வேண்டியதில்லை. அங்கிருந்து குடாவைச் சுற்றிச் சீனன்குடாவுக்கு வந்து, குதம் எத்தனை என்று விசாரிப்பவருக்கும் அதே பாடம்தான்: எண்ணிக்கை சொல்வதற்கு முன், எந்த ஆண்டின் கணக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்பவரே விஷயம் தெரிந்தவர்.