ஒரே ஒரு கோல்... ஐம்பது வருஷ தண்டனை!

எங்கள் ஆபீஸில் ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஸ்டேட்மென்ட்டில் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டுத் தொலைத்துவிட்டேன். அன்று சாயந்திரமே கண்டுபிடித்துச் சரி பண்ணியாச்சு. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், பதினோரு வருஷமாகியும் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "இவர்தான் சார் அந்த சைபர்!" என்றுதான் அறிமுகம். அதற்கு முன்னும் பின்னும் நான் ஒழுங்காகப் போட்ட சைபர்களெல்லாம் கணக்கிலேயே கிடையாது!

இந்த வயிற்றெரிச்சல் வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது ஒரு ஃபுட்பால் ஸ்டேடியத்தை. பிரேசிலில், ரியோ டி ஜெனிரோ நகரத்தில் இருக்கும் மரக்கானா. நேரில் போனதில்லை. 2014 உலகக் கோப்பை ஃபைனலை நடுராத்திரி பன்னிரண்டரை மணிக்குக் கொட்டாவியோடு டி.வி.யில் பார்த்ததோடு சரி. அங்கே ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதிக்கொண்டிருக்க, என் மனசு மட்டும் 1950-க்குப் போய்விட்டது.

அந்த வருஷ உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டதுதான் மரக்கானா. 1948 ஆகஸ்ட்டில் வேலையை ஆரம்பித்து, 1950 ஜூன் 16-ம் தேதி திறந்தார்கள். அப்போதும் சாரம் பிரிக்காத இடங்கள் பாக்கி! பக்கத்தில் ஓடும் சின்ன ஆற்றின் பெயரே ஸ்டேடியத்துக்கும் வந்தது. அது ஒரு கிளி இனத்தின் பெயரும்கூட. இங்கேதான் கட்டணும் என்று விடாமல் எழுதிய பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ. 1966-ல் அவர் இறந்த பிறகு, ஸ்டேடியத்தின் அதிகாரபூர்வப் பெயராக அவர் பெயரையே வைத்தார்கள். ஆனால், ஜனங்களுக்கு அது என்னிக்கும் மரக்கானாதான்.

முட்டை வடிவத்தில் பிரமாண்டமான கான்கிரீட் கட்டடம். ரசிகர்கள் மைதானத்துக்குள் குதித்துவிடாமலிருக்க, கோட்டை மாதிரி சுற்றிலும் அகழி! அகழியை ஒட்டி, தரைமட்டத்தில் 'ஜெரால்' என்று ஒரு பகுதி. உட்கார சீட் கிடையாது. நின்றுகொண்டேதான் பார்க்கணும். நம்ம ஊர் தியேட்டரில் தரை டிக்கெட் இருந்ததே, அதேதான். ஏழை ஜனங்களின் ராஜ்யம்.

1950 ஜூலை 16. பிரேசிலுக்கும் உருகுவேக்கும் கடைசி ஆட்டம். அந்த வருஷம் தனியாக ஃபைனல் கிடையாது. நாலு அணிகள் மோதிய பிரிவில் முதலிடம் யாருக்கோ, கோப்பை அவர்களுக்கு. பிரேசிலுக்கு டிரா போதும். ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவைத்துத் தொங்கப்போட்டுவிட்டு வந்திருந்தார்கள். 'இதோ, உலக சாம்பியன்கள்!' என்கிற அர்த்தத்தில் ஒரு பத்திரிகை முன்கூட்டியே போட்டோவே போட்டுவிட்டது! டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தக் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தொட்டிருக்கும் என்கிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பிரேசில் முதல் கோல் போட்டது. ஸ்டேடியமே ஆடியது. 66-வது நிமிஷம் உருகுவே பதிலுக்கு ஒன்று போட்டது. அப்போதும் டிராதான், கோப்பை பிரேசிலுக்குத்தான். 79-வது நிமிஷம், கிக்யா என்கிற உருகுவேக்காரர் வலது பக்கமாகப் பாய்ந்து வந்தார். முதல் கோலுக்கு முன்னால் அவர் பந்தை நடுவில் தள்ளிவிட்டது கோல் கீப்பர் பார்போசாவுக்கு ஞாபகம். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று கணித்து ஓரடி நகர்ந்தார். கிக்யா நேராக கோலுக்கே அடித்தார். பார்போசாவுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் பந்து நுழைந்துவிட்டது.

2-1. இரண்டு லட்சம் பேரும் கப்சிப். மரக்கானாவை வாயடைக்க வைத்தது போப், பாடகர் சினாட்ரா, அப்புறம் நான் என்று பிற்காலத்தில் கிக்யா பெருமையடித்துக்கொள்வார்.

பழி முழுக்க பார்போசா தலையில் விழுந்தது. தடுப்பாட்டக்காரர்கள் பிகோஜி, ஜுவெனால் இருவரும் மிச்சத்தைச் சுமந்தார்கள். மூவரும் கறுப்பர்கள் என்பது தற்செயலா என்று பிரேசிலிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிரேசிலின் சிறந்த கோல் கீப்பர் பார்போசாதான். இருந்தும், அதன் பிறகு தேசிய அணிக்காக அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அணி போட்டுக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைகூட ராசியில்லை என்று தூக்கியெறியப்பட்டு, 1954-ல் மஞ்சள் சட்டை வந்துவிட்டது. சட்டையை மாற்றலாம், மனுஷன் முகத்தை எங்கே போய் மாற்றுவான்? இருபது வருஷம் கழித்து ஒரு கடையில், "பிரேசிலையே அழ வைத்தவர் இவர்தான்" என்று ஒரு அம்மா தன் பையனுக்குக் காட்டினாளாம்.

கேளுங்கள் கொடுமையை... ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பார்போசாவுக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? அதே மரக்கானா! தினமும் 'அந்த' மைதானம்தான் ஆபீஸ். பழைய மரப் போஸ்ட்டுகளை மாற்றியபோது அவற்றை அவரிடமே கொடுத்தார்களென்றும், அவர் விறகாக்கி, நண்பர்களைக் கூப்பிட்டுக் கறி சுட்டு விருந்து வைத்தாரென்றும் ஒரு கதை உண்டு. நிஜமோ, பொய்யோ, நிஜமாக இருந்தால் தேவலை! ஆனால், அதற்கப்புறமும் விடவில்லை. 1993-ல் தேசிய அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனவரை, ராசியில்லை என்று உள்ளேயே விடவில்லை.

பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சம் முப்பது வருஷம்தான், நான் செய்யாத குற்றத்துக்கு ஐம்பது வருஷம் அனுபவிக்கிறேன் என்று நொந்துபோய்ச் சொன்ன பார்போசா, 2000 ஏப்ரலில் இறந்தார். கோல் போட்ட கிக்யா 2015-ல் இறந்தார். தேதி? அதே ஜூலை 16!

மரக்கானாவும் மாறிவிட்டது. 2005-ல் ஜெரால் மூடப்பட்டது. 2014 உலகக் கோப்பைக்காக இடித்துப் புதுப்பித்து, இப்போது எல்லோருக்கும் சீட், மேலே புதுக் கூரை. சுமார் 78,000 பேர் உட்காரலாம். கான்கிரீட்டுக்கு இருக்கிற அதிர்ஷ்டம் மனுஷனுக்கு இல்லை.

போன வாரம் எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன் ஒரு ஃபைலைத் தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டு, வெலவெலத்து நின்றான். பட்டப்பெயர் ஒன்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல பெயர் சார், பத்து வருஷம் தாங்கும்! அப்படியே முழுங்கிவிட்டு, "விடுப்பா, சரி பண்ணிக்கலாம். வா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்றேன்.

பில்லை நான்தான் கொடுத்தேன்... பார்போசா கணக்கில்!